சிங்க்கில் கரைந்த மாத்திரைகள்

காலடிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

ஆலிஸ் அண்ணிக்கு ஜானட் எழுதுவது.

முதலில் 'அன்புள்ள' என்று போட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள். நீங்கள் அழ ஆரம்பித்தால் உங்கள் தம்பி என்னை முறைப்பார். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்த வேண்டி வரும். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறது. இந்த முறை முழுவதையும் சொல்லி முடிக்கப் போகிறேன். கோலார் தங்கவயலில் உங்கள் சித்தி மகள் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். முடிந்தால் அவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்களிடம் நீங்கள் வேறு கதை சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அனிஷாவுக்குக் குடலில் வந்திருப்பது க்ரோன்ஸ் என்ற நோய் என்று டாக்டர் ஹஃப்சா சொன்னபோது நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டுப் போய் அவள் குடலைப் புண்ணாக்குகிறது, அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். ஸ்டீராய்டு மாத்திரையைத் தினமும் காலையில் கொடுக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் சட்டென்று நிறுத்தக் கூடாது, தான் சொல்லும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். நீங்கள்தான் என்னைவிட அதிகமாகத் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும், "நீ ஷிப்டுக்குப் போமே, மாத்திரைய நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். விடியும்போதே கன்டெய்னர் கிடங்குக்கு ஓடுகிறவள் நான். நம்பினேன்.

தினமும் காலையில் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தீர்கள். அதை சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டீர்கள். நான் வந்து பார்த்தால் அட்டையில் கணக்கு சரியாக இருக்கும். மாத்திரைக்குப் பதிலாகக் கடைத்தெரு வைத்தியரின் பொடியைத் தேனில் குழைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தீர்கள். "மம்மிகிட்ட சொல்லக் கூடாது" என்று மாதா மேல் அவளிடம் சத்தியம் வாங்கினீர்கள். பதினோரு வயதுப் பிள்ளையிடம்!

ஸ்டீராய்டால் அவள் முகம் உப்பியது உண்மை. பள்ளிக்கூடத்தில் 'பன்னு' என்று கூப்பிட்டார்கள், அவள் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள், அதுவும் உண்மை. உங்களால் அதைப் பார்க்க முடியவில்லை என்று உங்கள் தம்பி சொல்கிறார். எனக்கு மட்டும் பார்க்க இனித்ததா? பிறகு முகம் வற்றியது. மருந்து வேலை செய்கிறது, டாக்டர் குறைக்கச் சொல்வார் என்று சந்தோஷப்பட்டு, ராயபுரம் கோயிலுக்குப் போய் மாதா சிலை இருக்கும் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். காற்றில் சுடர் அணையாமல் இருக்க உங்கள் கையைக் குவித்துப் பிடித்தீர்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் அந்தக் கையை நான் மறக்க மாட்டேன் அண்ணி.

பள்ளிக்கூடத்தில் காலை அசெம்பிளியில் அவள் சரிந்து விழுந்ததும், ஆட்டோவில் என் மடியில் ஈரத்துணி மாதிரி கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் ஹஃப்சா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரையை நிறுத்தினீங்களா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். நர்ஸ் முன்னால் சத்தம் போட்டேன். உள்ளே போனால் அனிஷா என் விரலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "சத்தியத்த மீறிட்டேன் மம்மி, மாதா கோச்சிக்குமா?" என்று கேட்டாள். கையில் ஊசி, மூக்கில் குழாய். அந்த நிலையில் அவளுக்கு இருந்த பயம் அதுதான்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் தெரு எல்சி வீட்டு மாடிக்கு வந்தேன். தெருவிலுள்ள குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்த அன்பியக் கூட்டத்தில் நீங்கள்தான் செபமாலையை நடத்திக்கொண்டிருந்தீர்கள். முடியும்வரை காத்திருந்தேன். கடைசிப் பாட்டு முடிந்து எல்சி டீ டம்ளர்களைக் கொண்டுவந்தபோது எழுந்து நின்று, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒன்று விடாமல் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு பலபேர் சொன்னார்கள். சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்லப் பிடிக்கவில்லை. உங்களைத் தலையில் தூக்கி வைத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் கீழே விழ வேண்டும் என்று விரும்பினேன். விழுந்தீர்கள். ஒரு டம்ளர்கூட உங்கள் பக்கம் வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

மறுநாள் உங்கள் தம்பி உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற்றிவிடப் போனார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இருந்திருந்தால் கதவை நானே திறந்துவிட்டிருப்பேன்.

அந்த வைத்தியரையும் விடவில்லை. சமையலறை அலமாரியில் நீங்கள் ஒளித்து வைத்திருந்த பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, புகார் கொடுத்தேன். ஒரு ஆபீசில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள், இன்னொன்றில் நாளைக்கு வா என்றார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு விடாமல் நடந்தேன். கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள். அந்த ஆளுக்கு வைத்தியம் பார்க்க எந்தப் படிப்பும் இல்லை, பலகை மட்டும்தான் இருந்தது. பொடியில் என்ன கலந்திருந்தது என்று இன்னும் ரிப்போர்ட் வரவில்லை. ஆனால் அவர்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டி சீல் வைக்கும்போது நான் எதிர்க் கடையில் நின்று ரோஸ் மில்க் குடித்தேன். ஒரு மடக்குக் குடிப்பேன், அவரைப் பார்ப்பேன், இன்னொரு மடக்குக் குடிப்பேன். "யம்மா, நான் இன்னா பண்ணேன், அந்த ஆலிசம்மாதான் கேட்டு வாங்கினு போச்சு" என்று அவர் என்னிடம் வந்து கெஞ்சினார். உங்களைக் காட்டிக்கொடுக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தெரிந்துகொள்ளுங்கள்.

புதன்கிழமை.

மேலே எழுதியதோடு நிறுத்தி மடித்து வைத்திருந்தேன். அதோடு அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் ஊருக்குப் போன பிறகு இங்கே நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அனிஷா பிழைத்தாள். ஆனால் நோய் முன்னைவிட வேகமெடுத்திருந்தது. ஆசனவாய்ப் பக்கம் சீழ் கட்டி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கிடந்தாள். இனி வெறும் மாத்திரை போதாது, டிரிப் வழியாக ஏற்றும் பெரிய மருந்து ஒன்று இருக்கிறது, அதைத் தொடங்கலாம் என்றார் டாக்டர் ஹஃப்சா. நான் உடனே, "இன்னிக்கே போடுங்க" என்றேன். டாக்டர், "முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும், அதனால் தொற்று நோய்கள் சுலபமாக வரும், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் ஓடிவர வேண்டும் என்றார். பிறகு, மிக அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு ஒருவகைப் புற்றுநோய் வந்திருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்வது தன் கடமை என்றார்.

"பெரிய டாக்டருங்க மருந்துன்னு சொல்லி கேன்சர வெச்சிடுவாங்க" என்று நீங்கள் வீட்டில் புலம்பியபோது உங்களை எவ்வளவு கேலி செய்தேன்! நீங்கள் சொன்ன அதே வார்த்தை டாக்டரின் வாயிலிருந்து வந்ததும் எனக்கு முதலில் வந்தது பிள்ளையைப் பற்றிய பயம் இல்லை. உங்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது. நீங்கள் துளிகூடச் சரியாக இருக்கக் கூடாது என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

உங்கள் தம்பி ஜெரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என் கையால கையெழுத்துப் போட்டு என் பொண்ணுக்கு அத்த ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். துறைமுகத்தில் அவ்வளவு உயரத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்கள் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் புற்றுநோய்க்கு ஊசி மேல் ஊசி போட்டு, முடி கொட்டி, வாயெல்லாம் வெந்து போனதை அக்காவும் தம்பியும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் என்று எனக்குத் தெரியும். சிங்க்கில் மாத்திரையைக் கரைத்த கைக்குள் அந்தப் பயம்தான் இருந்தது என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் மன்னிக்காமல் இருக்கிறேன். பயந்தவர் என்னிடம் வந்து பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

வாரக்கணக்கில் வீட்டில் சண்டை. "உங்க அக்கா சொன்னாங்கன்னுதானே பயப்படுறீங்க" என்பேன் நான். "அக்கா பண்ணது தப்புதான், அதுக்காக அவங்க பயந்தது தப்பாயிடுமா?" என்பார் அவர். நான் இன்னும் சத்தமாகக் கத்துவேன். இந்த மருந்து பலித்து, அனிஷா தேறி, உயரமாக வளர்ந்து, பட்டுப்பாவாடையில் நிற்கிற போட்டோவை உங்களுக்கு அனுப்புவதுபோல் நினைத்து நினைத்துப் பார்ப்பேன். பின்னால் ஒரு வார்த்தைகூட எழுத மாட்டேன், வெறும் போட்டோ. ரயிலில் நின்றுகொண்டு போகும்போதெல்லாம் இதுதான் என் கனவு.

ஒரு சாயங்காலம் அவளுக்குச் சத்துப்பால் கலக்கிக்கொண்டே அவரோடு மல்லுக்கு நின்றேன். "உங்க அக்கா மூஞ்சில கரியப் பூசறதுக்காவது இந்த மருந்த நான் போட்டே தீருவேன்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. கட்டிலில் குப்புறப் படுத்திருந்த அனிஷா தலையைத் தூக்கினாள்.

"மம்மி, நீ எனக்காக மருந்து போடறியா, அத்தைய ஜெயிக்கறதுக்குப் போடறியா?"

குரலை உயர்த்தவில்லை. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். ஜெரி என்னைப் பார்த்தார். நான் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து வாசலில் நின்றேன். கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று நிறைய ஆட்களோடு போனது. உங்களை ஜெயிக்கத்தான் என்றும் ஒப்புக்கொள்ள முடியவில்லை, அவளுக்காகத்தான் என்றும் சத்தியம் செய்ய முடியவில்லை.

மறுநாள் டாக்டர் ஹஃப்சாவிடம், எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அவளிடம் நேரடியாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். டாக்டர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குடலின் படத்தை வரைந்து காட்டினார். மருந்து போடாவிட்டால் குடல் சுருங்கலாம், வெட்டி எடுக்க வேண்டி வரலாம், வளர்ச்சி நின்றுவிடலாம், இதெல்லாம் அபூர்வம் இல்லை என்றார். மருந்து போட்டால் வரக்கூடிய ஆபத்தையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அனிஷா, "எங்க அத்தை சொன்ன மாதிரி கேன்சர் வருமா?" என்று கேட்டாள். டாக்டர், "வரவே வராதுன்னு சொன்னா அது பொய். வர்றதுக்கான வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. நான் உன்னை விடாம பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார். "உங்க அத்தை கேட்டது நியாயமான கேள்விதான். என்கிட்ட வந்து கேட்டிருக்கணும்" என்றும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அனிஷா அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "போட்டுக்கறேன். ஆனா இனிமே என்கிட்ட யாரும் எதையும் மறைக்கக் கூடாது. மம்மியும் மறைக்கக் கூடாது, டாடியும் மறைக்கக் கூடாது" என்றாள். அதன்பிறகுதான் ஜெரி பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். அவர் பெயருக்குக் கீழே நானும் போட்டேன். அந்த நேரத்தில் உங்கள் நினைப்பு எனக்கு வரவில்லை. அதை மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

இரண்டு முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. முதல் தடவை பாதியில் உடம்பெல்லாம் தடித்து அரிப்பெடுத்தது. டிரிப்பை நிறுத்தி, வேறு ஊசி போட்டு, மெதுவாக மறுபடி ஏற்றினார்கள். இரண்டாம் முறை ஒன்றும் ஆகவில்லை. சீழ் வற்றிக்கொண்டு வருகிறது. ஆற வைத்த இட்லியைச் சாப்பிடுகிறாள். வகுப்பிலிருந்து பாத்ரூமுக்கு ஓடுவது குறைந்திருக்கிறது. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, உயரம் ஏறவில்லை. முழுதாகத் தேறிவிட்டாள் என்று எழுதி உங்களைத் தண்டிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் மருந்து கைகொடுக்குமா என்று இன்னும் சில மாதம் போனால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். அதனால்தான் போட்டோ அனுப்பாமல் கடிதம் எழுதுகிறேன்.

இனி நான் மறுபடி எழுத உட்கார்ந்த காரியம். இந்த மருந்தைத் தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே ஒளிந்திருந்தால் இந்த மருந்து அதை எழுப்பி விட்டுவிடுமாம். அனிஷாவுக்கு எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறது. எனக்கும் ஜெரிக்கும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இந்தத் திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போனபோது, முன்பு கூட இருந்தவர்களில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு அனிஷாதான், "அத்தைக்கு உண்டு. எண்ணூர் சாம்பல் காத்துனு சொல்லும்" என்றாள். ஒரே கட்டிலில் உங்களைக் கட்டிக்கொண்டு தூங்கியவள். உங்களையும் உடனே பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். உங்களுக்கு இருந்தால் அனிஷாவுக்கு முன்கூட்டியே மாத்திரை தர வேண்டியிருக்கும்.

ஜெரியிடம் சொல்லி உங்களுக்குச் சொல்லச் சொல்லலாம். அவர் மொட்டை மாடிக்குப் போய் உங்களோடு பேசுவது எனக்குத் தெரியும். ஆனால் அவர் உங்களுக்கு வலிக்கும் என்று பாதியை விழுங்கிவிடுவார். நான் விழுங்க மாட்டேன். அந்த இருமல் அனல்மின் நிலையச் சாம்பலால் வந்தது இல்லை. போன மழைக்காலத்திலிருந்து இருக்கிறது. நீங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமியதை நான் கேட்டிருக்கிறேன். இளைத்துக்கொண்டே வந்தீர்கள், உங்கள் ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்ததே நான்தான். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்கிறார்கள், விசாரித்துவிட்டேன். இந்த வாரமே போங்கள். நோய் என்று சொன்னால் கொடுக்கிற மருந்தை ஒருநாள் விடாமல் சாப்பிடுங்கள், அது குணமாகிற நோய். ரிசல்ட்டை எனக்கே அனுப்புங்கள். பிள்ளைக்காகத்தான் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. எதையும் மறைக்கக் கூடாது என்று அவள் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். டிரிப் ஏறும்போது அனிஷா உங்களைக் கேட்கிறாள். நீங்கள் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்லும் கதைகளை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லிப் பார்த்தேன். "விடு மம்மி" என்றுவிட்டாள்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. இந்த வீட்டுக்கு நீங்கள் வர வேண்டாம். அன்பியத்தில் நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அடுத்த டிரிப் வரும் மாதம் முதல் வியாழக்கிழமை காலை. மருந்து ஏறி முடிய மதியம் ஆகும். குழந்தைகள் வார்டு இரண்டாம் மாடியில் இருக்கிறது, ஜன்னலோரக் கட்டில் கேட்டிருக்கிறோம். கூட இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலிதான் போடுவார்கள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றால், பதினோரு மணிக்கு நான் கீழே கேன்டீனுக்கு டீ குடிக்கப் போவேன். அங்கே எப்போதும் கூட்டம், ஒரு டீ வாங்கவே ஒரு மணி நேரம் ஆகும். நான் மேலே வரும்போது நாற்காலி காலியாக இருக்க வேண்டும்.

மாதா உங்கள் நெஞ்சுக்குள் ஒன்றும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அனிஷாவின் அம்மா
ஜானட்